மருதாணி வைத்த வலது கால்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் ஒப்பனை செய்துகொண்டிருக்கிறேன். அதுவும் முகத்துக்கு இல்லை, வலது காலுக்கு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்து விரல் நுனி வரைக்கும், மருதாணியில். அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று, எடை தொண்ணூற்றாறு கிலோ (இந்த எடையைப் பற்றிப் பின்னால் ஒரு தகராறு வரும்), கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். மருதாணி வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமில்லாத ஆளைப் புனே முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்.

சொந்த ஊர் பொள்ளாச்சி, இருப்பது புனேயில், நிக்டி பக்கம். நானும் என் மனைவி கலைவாணியும் ஹிஞ்சேவாடியில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மகள் மித்ராவுக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, கோபம் வந்தால் மராத்தி என்று வைத்திருந்தாள்.

கலையை அவள் கம்பெனியில் மூன்று வாரம் ஜெர்மனி போகச் சொல்லியிருந்தார்கள். இது முதல் அழைப்பு இல்லை. ஆறு வருடம் முன்பும் ஒரு தடவை கூப்பிட்டார்கள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, நான் மழையில் ஸ்கூட்டரோடு ஒரு குழிக்குள் விழுந்து, வலது கணுக்காலை உடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். (நிற்கவில்லை, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.) காலுக்குள் ப்ளேட் வைத்தார்கள். கலை பயணத்தை ரத்து செய்தாள். அவள் இடத்தில் வேறு யாரோ போனார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை. அந்தப் பயணத்துக்காக வாங்கிய நீலநிறக் கம்பளிக் கோட்டை மட்டும், கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல், அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கோட்டை மட்டும் பார்க்காத மாதிரி தூசி தட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

இந்த முறை, ஜெர்மனியில் அப்போது கோடைக்காலம் என்றாலும், கோட்டு கீழே இறங்கியது. விலைச்சீட்டு கிழிந்தது. ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மாலை நான்கு மணிக்கு விமானம். அடுத்த திங்கட்கிழமை அங்கே நடக்கிற மீட்டிங்கில் இவள்தான் பேச வேண்டும். எது நடந்தாலும் இந்தத் தடவை என்னால் அவள் பயணம் நின்றுபோகக் கூடாது என்று நான் மனதுக்குள் சபதமே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் அதே வலது காலால்.

புனே மழை நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகாது. ஜூனில் வந்தால் சொந்தக்காரர் மாதிரி மாதக்கணக்கில் தங்கும். கம்பெனி பஸ் இறங்குகிற இடத்துக்கும் அலுவலக வாசலுக்கும் நடுவில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதில் ஷூவோடு நடந்து போய், அந்த ஈர ஷூவோடு ஒன்பது மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருப்பேன். "ஒரு ஜோடி செருப்பை மேசைக்கடியில வெச்சுக்குங்க, போனதும் ஷூவைக் கழட்டிருங்க" என்று கலை பத்து தடவை சொன்னாள். டீம் லீட் செருப்பு போட்டுக்கொண்டு திரிந்தால் டீம் என்ன நினைக்கும் என்று யோசித்து நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. (டீம் என்னைப் பற்றி ஒன்றுமே நினைத்ததில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.)

விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. பொள்ளாச்சியில் இருக்கும் பானு அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் அக்காதான்.

"சேத்துப்புண்ணுக்குப் போயி இத்தனை அழுகாச்சியாடா? மருதாணியை அரைச்சு வெரலிடுக்குல வெய்யி. ரெண்டே நாள்ல காஞ்சு போயிரும்."

"இங்க மருதாணிக்கு நான் எங்கக்கா போறது?"

"பொடியாவே விக்கிறாங்களே கண்ணு, போயி வாங்கு."

வளையல், பொட்டு விற்கிற கடையில் போய் இந்தியில் மெஹந்திப் பொடி கேட்டேன். கடைக்கார அம்மாள் மலர்ந்து போய், "ஷாதி ஹை க்யா?" என்றார். கல்யாணம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறையும், காலிலிருந்து தலை வரை இன்னொரு முறையும் பார்த்துவிட்டுப் பெரிய பாக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விரலிடுக்கில் வைத்துக்கொண்டேன். மித்ரா குனிந்து பார்த்தாள்.

"அப்பா, மெஹந்தி கேர்ள்ஸ்தான போடும்?"

"இது மருந்து சாமி."

"ஆனா ஆரஞ்ச் ஆயிடுச்சுல்ல."

புண் காயவில்லை. விரல்கள் மட்டும் நன்றாகச் சிவந்தன. புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று குளிர் தூக்கிப் போட்டது. பல் தந்தியடித்தது. ஏசியைக் குறைக்கச் சொல்லி மூன்று பேரிடம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று, பளபளவென்று ஒரு தடிப்பு. தொட்டால் உயிர் போனது.

வியாழக்கிழமை காலை அது முழங்காலுக்குப் பாதி தூரம் ஏறியிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் கலை கவனிப்பாள் என்பதால், வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிக்கொண்டேன். அவள் அலுவலகத்துக்கும் மித்ரா பள்ளிக்கும் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். டாக்டரிடம் போனால் படு என்பார்கள். படுத்தால் கலை போக மாட்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விமானம் மேலே ஏறட்டும், நாலரை மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். நடுவில் ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைக்கு இந்தச் சிவப்பை யாரும் பார்க்கக் கூடாது.

அப்போதுதான் அலமாரியில் மீதமிருந்த மருதாணிப் பொடி கண்ணில் பட்டது.

(இந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னை இரண்டு அறை அறைய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வரிசையில் நில்லுங்கள், என் அக்கா முன்னால் நிற்கிறாள்.)

பொடி முழுவதையும் கரைத்துக் காலில் அப்பிக்கொண்டு, செய்தித்தாள் விரித்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கழுவியபோது எனக்கே சந்தோஷமாகிவிட்டது. எது மருதாணி, எது வியாதி என்று நானே சொல்ல முடியாது. கலை வந்தாள். பார்த்தாள்.

"என்னங்க இது?"

"அக்கா சொன்னா. ஒடம்புச் சூட்டுக்கு நல்லதாம்."

"ஒத்தக் காலுக்கு மட்டுமா?"

"இந்தக் கால்லதான ப்ளேட் இருக்குது. அதான் சூடு புடிக்குது."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பதிலுக்கு நான் அங்கேயே மாட்டியிருப்பேன். அன்று அவள் மனதில் பாஸ்போர்ட், சார்ஜர், புளிக்காய்ச்சல் பாட்டில், மித்ராவின் கணக்குப் பரீட்சை எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. "உங்க அக்காவும் நீங்களும்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். பொய் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன், அவள் சிரித்ததைப் பார்த்து அழுகை வந்து குளியலறைக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பெட்டி மூடவில்லை. கம்பளிக் கோட்டு அப்படி அடைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மேல உக்காருங்க, நான் ஜிப்பை இழுக்கறேன்" என்றாள் கலை.

இந்த வீட்டில் என் எடைக்கு மரியாதை கிடைக்கிற ஒரே வேலை அதுதான். முக்கால் பேண்ட்டோடு போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே வந்தாள். மூலை திரும்பும்போது அவள் புறங்கை என் முன்னங்காலில் உரசியது. கை அங்கேயே நின்றது. பிறகு திருப்பி உள்ளங்கையை வைத்தாள்.

"மருதாணி குளிர்ச்சிதானுங்க?" என்றாள் மெதுவாக. "இதென்ன தோசைக்கல்லாட்ட சுடுது?"

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் மருதாணி குளிர்ச்சி என்று தெரியும். எனக்கும் தெரியும். நிறத்தைப் பற்றி அத்தனை யோசித்தவன் சூட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"எப்பருந்து?"

"புதன்கிழமை."

அவள் எழுந்து கார் சாவியை எடுத்தாள். மித்ராவுக்கு அன்று பள்ளி மழை விடுமுறை. அவளும் கூட வந்தாள்.

பக்கத்திலேயே இருந்த சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். எங்களுக்காக இந்தியில் பேசினார். என் காலைப் பார்த்ததும், "யே க்யா ஹை?" என்றார். மெஹந்தி என்றேன். "இதில் எது வரைக்கும் மெஹந்தி?" என்று கேட்டார். தெரியாது மேடம் என்றேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நல்ல மருதாணி.

"சர்க்கரையை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குடியை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வியாதிக்கு மேக்கப் போட்டு வந்தவர் நீங்கள்தான் முதல் ஆள்" என்றார்.

இது செல்லுலைட்டிஸ், தோலுக்கு அடியில் கிருமி புகுந்து பரவுவது என்று விளக்கினார். சிவப்பு எதுவரை போயிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா தெரியும். என் காலில் சிவப்பின் ஓரமே தெரியவில்லை. அதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையால் சூட்டைத் தடவிப் பார்த்து, விரலால் அழுத்தி அழுத்திக் கோடு போட்டார். அழுத்திய இடத்தில் நான் கத்தினால் அது கோட்டுக்கு உள்ளே, கத்தாவிட்டால் வெளியே. மித்ரா காதைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் சொன்னேன், என் குடும்பம் இன்னொன்று சொன்னது.

"ஈர ஷூவில் எத்தனை நாளாக இருக்கிறீர்கள்?"

"ரெண்டு நாள் இருக்கும்."

"ஒரு மாசம்" என்றாள் கலை.

டாக்டர் விரலிடுக்கை விரித்துப் பார்த்து, இந்த வெடிப்புதான் கிருமி வந்த வாசல் என்றார். "சொறிந்தீர்களா?"

"இல்லை மேடம்."

"ஸ்கேல்ல" என்றாள் மித்ரா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்பா! என் ஸ்கேல்! ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்!"

"சர்க்கரை?"

"இல்லை."

"டெஸ்ட் செய்தீர்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி இல்லை என்கிறீர்கள்?" அங்கேயே விரலில் குத்திப் பார்த்தார்கள். இருந்தது.

"எடை?"

"தொண்ணூற்றாறு."

"அது போன வருஷம்" என்றாள் கலை. மெஷினில் ஏற்றினார்கள். அது போன வருஷம்தான்.

பாதத்தைத் திருப்பிக் குதிகால் வெடிப்பைப் பார்த்து டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு கணுக்காலில் இருந்த தழும்பைத் தொட்டார். "இந்தக் காலில் பழைய அடியா? சாயங்காலம் வீங்குமா?"

"வீங்கும்."

"எத்தனை வருஷமாக?"

"ஆறு வருஷமாக."

கலை என் பக்கம் திரும்பினாள். "ஆறு வருசமா வீங்குதா? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

எப்படிச் சொல்வேன்? இந்தக் காலைப் பற்றி வாயைத் திறந்தாலே எனக்கு மேல்தட்டுக் கோட்டு ஞாபகம் வந்துவிடும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கும். அவள் பார்ப்பதற்குள் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வேன். ஆறு வருடமும் அப்படித்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "விரலில் புண், பழைய வீக்கம், எடை, சர்க்கரை, ஈரம். இந்தக் கால் ரொம்ப நாளாகவே கிருமியை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் மெஹந்தி வேறு வைத்து வரவேற்றிருக்கிறீர்கள். அட்மிட் ஆகுங்கள். ஊசி வழியாக மருந்து போக வேண்டும்."

கலை கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். யாருக்குப் பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"கலை, வேண்டாம். கேன்சல் பண்ணாத. அதுக்குத்தான் நான் இத்தனையும் பண்ணினேன். மறுக்கா இந்தக் காலால நீ நிக்கக் கூடாதுன்னுதான்..." நாற்பத்து மூன்று வயதில், பத்து வயது மகளுக்கு முன்னால், ஆரஞ்சுக் காலோடு உட்கார்ந்து அழுதேன்.

கலைக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நான் ஏறிப் போனதுக்கப்புறம் உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா? பாஷை தெரியாத ஊர்ல அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு நான் என்னங்க பண்ணியிருப்பேன்? அன்னிக்குக் கால் ஒடைஞ்சப்போ நான் போகலைங்கறதுக்கு ஒரு நாளாச்சும் உங்களைக் கொறை சொல்லியிருக்கனா? எனக்கு ஜெர்மனி வேணும்தான். அதுக்காக எங்கிட்டப் பொய் சொல்லுவீங்களா?"

எங்கள் தமிழ் புரியாவிட்டாலும் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கலை கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தியில் நேராகக் கேட்டாள். "நான் போகலாமா, கூடாதா? உண்மையைச் சொல்லுங்கள்."

"இன்றைக்குக் கூடாது" என்றார் டாக்டர். "இவர் இன்னும் மறைத்து வைத்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கலாம். இப்போது வந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வரை பார்ப்போம். சூடு இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போய்விட்டு வாருங்கள். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்."

கலை கம்பெனியில் பேசி, டிக்கெட்டை ஞாயிறு மதியத்துக்கு மாற்றினாள். அதைவிட்டால் திங்கள் மீட்டிங்குக்குப் போய்ச் சேர முடியாது. ஆக, கலையின் ஜெர்மனி என் காலில் ஒரு பேனாக் கோட்டில் வந்து நின்றது.

அந்த இரண்டு நாளும் எங்கள் மூன்று பேருக்கும் வேறு உலகமே இல்லை. மித்ரா அந்த ஜியாமெட்ரி ஸ்கேலையே கொண்டு வந்து (டெட்டாலில் கழுவி) கோட்டை அளந்தாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தேன். கலை மணிக்கொரு தரம் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் கை வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை பானு அக்கா, மித்ராவைப் பார்த்துக்கொள்ள, விமானத்தில் வந்து இறங்கினாள். என் காலைப் பார்த்தாள்.

"ஏண்டா, நான் வெரலிடுக்குல வெக்கச் சொன்னனா, முழங்கால் வரைக்கும் பூசச் சொன்னனா?"

டாக்டர் அவளிடமும், விரலிடுக்கிலும் வைத்திருக்கக் கூடாது, புண்ணுக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் அதை வரி விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா எனக்கு வைத்தியம் சொல்வதை அன்றோடு நிறுத்தினாள். (இரண்டு மாதம் நிறுத்தினாள்.)

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வந்து கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அழுத்தினார். நான் கத்தவில்லை. இன்னும் கீழே அழுத்தினார். அப்போதும் கத்தவில்லை. வலியை அடக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று கலை என் முகத்துக்கு நேராக வந்து, "நெசமாவே வலிக்கலீங்களா? மித்ரா மேல சத்தியமா?" என்றாள். நிஜமாகவே வலிக்கவில்லை. சூடு கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"ஜாவ்" என்றார் டாக்டர், கலையைப் பார்த்து. போய் வா.

கலை கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் காலையில் என் காலை, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, மித்ரா படம் பிடித்து அனுப்ப வேண்டும். நான் பிடிக்கக் கூடாது. "உங்க அப்பா அதுக்கும் பவுடர் போட்டு அனுப்புவாரு" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

மூன்று வாரமும் படம் போனது. சிவப்பு வடிந்தது, மருதாணி மங்கியது, நகத்தில் மட்டும் தீபாவளி வரைக்கும் தங்கியது. கலை திரும்பி வந்த பிறகு, சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் "ஜெர்மனி போட்டோ காட்டு" என்பார்கள். அவளும் போனை நீட்டுவாள். தள்ளத் தள்ள என் கால்தான் வரும். நடுவில் ஒரே ஒரு படத்தில் அவள் நீலக் கோட்டோடு மழையில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்கு அடுத்து மறுபடியும் கால். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் வலது காலுக்கு ஜெர்மனி என்று பெயர். "அப்பா, ஜெர்மனி துடைச்சாச்சா?" என்று மித்ரா குளியலறை வாசலிலேயே கேட்பாள். விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி எடுத்துக் காட்டினால்தான் வெளியே விடுவாள். இப்போது என் மேசைக்கடியில் செருப்பு இருக்கிறது. டீமில் இன்னும் நாலு பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஜூலையில் கலை மறுபடி கிளம்பினாள். கோட்டை உதறி எடுத்து வைத்தாள். பெட்டி மூடவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன், அப்போதும் மூடவில்லை. (சர்க்கரைக்காகத் தினமும் காலையில் நடந்ததில் பன்னிரண்டு கிலோ போய்விட்டது.) மித்ராவும் ஓடி வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கலை தரையில் உட்கார்ந்து ஜிப்பைப் பிடித்தாள். இழுப்பதற்கு முன்னால் புறங்கையை என் முன்னங்காலில் வைத்துப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.